சொந்த வண்டியை விற்கிறீர்களா? வரி முதல் பெயர் மாற்றம் வரை முழுமையான வழிகாட்டி

2018-ல் ஒரு நாள் மாலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு காவலர் வந்து நின்றார். கையில் ஒரு வண்டி நம்பர் எழுதிய தாள். "இந்த பைக் உங்களுதா?" என்று அப்பாவிடம் கேட்டார். அது நான்கு வருடத்துக்கு முன் விற்ற ஸ்ப்ளெண்டர். விழுப்புரம் பக்கம் யாரோ ஒரு முதியவர் மீது மோதிவிட்டு நிற்காமல் போயிருக்கிறார்கள். பதிவேட்டில் அப்பாவின் பெயர், எங்கள் வீட்டு முகவரி.

புறநகரில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில்தான் அந்த வண்டியைக் கொடுத்திருந்தார். கடைக்காரர் நீட்டிய வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். யார் வாங்கினார், எப்போது எடுத்துப் போனார் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாளில் "வண்டி கொடுத்தது, 31,000" என்று அப்பா எழுதி வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு மூன்று முறை காவல் நிலையத்துக்கு அலைந்தோம். 67 வயதில், செய்யாத தப்புக்கு அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

சாவியும் பணமும் கை மாறியதும் விற்பனை முடிந்துவிட்டது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30)-ன்படி யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரே உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னது. அந்த வழக்கில் ஒரு கார் அடுத்தடுத்துப் பல பேரிடம் கை மாறியிருந்தது, ஆனால் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009-ல் விபத்து. கடைசியாக வாங்கியவர்தான் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதை மாற்றி, பதிவில் இருப்பவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். 2019-ல் திருத்திய சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி குற்றம் செய்தால், வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 199ஏ பிரிவு இடம் தருகிறது. நீங்கள் விற்ற வண்டியை வாங்கியவர் வீட்டுப் பையன் எடுத்துக்கொண்டு போனால், முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

அதனால் இந்த வழிகாட்டியை விற்பவர் பக்கம் நின்று எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பதிவான கார், பைக், ஸ்கூட்டர் போன்ற சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு இது பொருந்தும். வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிகளுக்குப் பெர்மிட், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று என்று வேறு கதை.

முதலில் வண்டியின் காகிதங்கள்

ஆள் தேடுவதற்கு முன்பே மத்திய அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாஹனில் உங்கள் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். கவனிக்க வேண்டியது நான்கு விஷயம்.

ஒன்று, கைப்பேசி எண். பெயர் மாற்றத்துக்கான ஓ.டி.பி. பதிவில் இருக்கும் எண்ணுக்குத்தான் வரும். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய வண்டி என்றால், அப்போது ஷோரூம்காரர் தன் எண்ணையே போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அதை முதலில் மாற்றுங்கள். ஆள் கிடைத்து, விலை பேசி, முன்பணம் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

இரண்டு, நிலுவை அபராதம். இ-சலான் பாக்கி இருந்தால் கட்டி முடித்து ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, கடன். வண்டிக் கடனை அடைத்து வருடங்கள் ஆகியிருக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் 'ஹைப்போதிகேஷன்' (எச்.பி., அதாவது கடனுக்கான ஈடு) என்று வங்கியின் பெயர் இன்னும் இருந்தால், வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அந்த வண்டியைப் பெயர் மாற்ற முடியாது. வங்கியிடமிருந்து கடன் முடிந்த கடிதமும், அவர்கள் முத்திரையோடு படிவம் 35 இரண்டு பிரதியும் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தில் தேதியைப் பாருங்கள்; பல வங்கிகளின் கடிதம் மூன்று மாதம்தான் செல்லும். கடைசித் தவணை கட்டிய வாரமே எச்.பி. கேன்சல் செய்துவிடுவது நல்லது. கடன் கொடுத்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து பெயரே மாறிப்போன பிறகு கடிதத்துக்கு அலைவது பெரும்பாடு.

நான்கு, பதிவு இன்னும் செல்லுமா என்பது. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதற்கு மேல் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் இருந்து பைக்குக்கு 1,000, காருக்கு 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் அது இரட்டிப்பானது. பசுமை வரி தனி. 14 வருட வண்டியை விற்கும்போது இந்தச் செலவை மனதில் வைத்துத்தான் விலை பேசுவார்கள். நீங்களும் தெரிந்து வைத்துக்கொண்டால் பேச்சில் தடுமாற மாட்டீர்கள்.

இவை போக இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். ஆர்.சி. தொலைந்திருந்தால் முதலில் டூப்ளிகேட்.

வரி: எது உண்டு, எது கிடையாது

இந்த இடத்தில்தான் வதந்தி அதிகம். 2024 டிசம்பர் 21-ல் ஜெய்சால்மரில் நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு, "பழைய கார் விற்றால் 18 சதவீதம் வரியாம்" என்று வாட்ஸப் முழுக்கச் சுற்றியது. 12 லட்சத்துக்கு வாங்கி 9 லட்சத்துக்கு விற்றால் அந்த மூன்று லட்ச வித்தியாசத்துக்கு வரி என்றுகூடக் கணக்குப் போட்டார்கள். அது தவறு. அந்த முடிவு ஜி.எஸ்.டி. பதிவு செய்து, பழைய வண்டி வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கும், தொழிலில் பயன்படுத்திய வண்டியை விற்கும் பதிவு பெற்றவர்களுக்கும் உரியது. அவர்களுக்கும் முழு விலைக்கு வரி இல்லை. லாபப் பகுதிக்கு மட்டும்தான். நஷ்டத்துக்கு விற்றால் ஒன்றும் கிடையாது. மாதச் சம்பளக்காரர் தன் காரைப் பக்கத்துத் தெருக்காரருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. அறவே இல்லை.

வருமான வரியும் அப்படித்தான். வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த கார், பைக் சொந்தப் பயன்பாட்டுப் பொருள். மூலதனச் சொத்துக் கணக்கில் வராது. வாங்கியதைவிட அதிகமாக விற்றாலும் வரி இல்லை, குறைவாக விற்றால் அந்த நஷ்டத்தைக் காட்டிக் கழிக்கவும் முடியாது. ஆனால் நீங்கள் கடையோ கிளினிக்கோ நடத்தி, கணக்கில் அந்தக் காருக்குத் தேய்மானம் கழித்து வந்திருந்தால் கதை வேறு. விற்ற தொகை அந்தச் சொத்துத் தொகுப்பின் மதிப்பில் கழியும், சில சமயம் வரியும் வரும். ஆடிட்டரிடம் விற்பதற்கு முன்பே சொல்லுங்கள்.

பத்து லட்சத்துக்கு மேல் கார் வாங்கினால் ஒரு சதவீதம் வருமான வரியாகப் பிடிக்கிறார்களே, அதை நாமும் பிடிக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். அது வியாபாரம் செய்யும் விற்பனையாளர் வசூலிக்க வேண்டியது. தனியாள் தன் காரை விற்கும்போது அது இல்லை.

கட்டாயம் கவனிக்க வேண்டியது ரொக்கம். ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. பிரித்துப் பிரித்து வாங்கினாலும் ஒரே விற்பனை ஒரே கணக்குத்தான். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். அது விழுவதும் பணம் வாங்கியவர் தலையில். வங்கி வழியாக வாங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு: எந்தத் தேதியில் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆயுட்கால வரி பற்றிக் குழப்பமே வேண்டாம். தமிழ்நாட்டில் புது வண்டிக்கு ஒரே தடவை கட்டும் வரி அது. 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு ஐந்து லட்சம் வரையான காருக்கு 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பைக்குக்கு ஒரு லட்சம் வரை 10, மேலே போனால் 12. இந்த வரி வண்டியோடு ஒட்டிக்கொண்டே போகும். தமிழ்நாட்டுக்குள் கை மாறினால் வாங்குபவர் மறுபடி கட்ட வேண்டியதில்லை. வேறு மாநிலத்துக்குப் போனால் அங்கே வண்டியின் வயதுக்குத் தக்க வரி கட்ட வேண்டும். இங்கே கட்டியதில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்தத் தொகை யாருக்கு என்பதை விலை பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

விற்கும் நாளில்

இந்த ஒரு நாளைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் பிறகு வரும் எல்லாத் தலைவலியும் இங்கேதான் விதைக்கப்படுகிறது.

தேவையான படிவங்கள் இரண்டு. படிவம் 29 என்பது "என் வண்டியை இன்னாருக்கு, இந்தத் தேதியில் கொடுத்துவிட்டேன்" என்று விற்பவர் தரும் அறிவிப்பு, இரண்டு பிரதி. படிவம் 30 பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். விற்பவர், வாங்குபவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். வாங்குபவரின் பெயர், தகப்பன் பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே பேனாவைக் கையெழுத்துக்குக் கொண்டு போங்கள். "சும்மா சைன் போட்டுக் கொடுங்க சார், நாங்க ஃபில் பண்ணிக்கிறோம்" என்பார்கள். அப்பா அதற்குத்தான் தலையாட்டினார். காலி படிவத்தில் போட்ட கையெழுத்தை வைத்து அந்த வண்டி பெயரே மாறாமல் ஐந்து பேர் கை மாறலாம்.

கையெழுத்து ஆர்.டி.ஓ. ஆவணத்தில் உள்ளது போலவே இருக்கட்டும். வண்டி வாங்கியபோது தமிழில் போட்டு இப்போது ஆங்கிலத்தில் போட்டால் அலுவலகத்தில் நேரில் வரச் சொல்வார்கள்.

படிவத்தில் சேஸிஸ் நம்பரின் (வண்டியின் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்) பென்சில் பதிவும் கேட்பார்கள். பைக்கில் ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்துக் குழாயில் அந்த எண் குத்தியிருக்கும். ஒரு துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை அதன்மேல் இறுக்கிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால் கருப்புக்கு நடுவே எண்கள் வெள்ளையாக எழும்பி வரும். ஒரு எழுத்து மங்கினாலும் இன்னொரு தாளில் மறுபடி எடுங்கள். வெளிச்சத்தில் வைத்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நான்கு பிரதி எடுத்து வைத்தால் பிறகு வண்டியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அடுத்தது டெலிவரி நோட். என்னைக் கேட்டால் விற்பவருக்கு இதைவிட முக்கியமான காகிதம் கிடையாது. அதில் இருக்க வேண்டியவை: வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், ஓடோமீட்டரில் உள்ள கிலோமீட்டர், விலை, பணம் வந்த வழி, வாங்குபவரின் முழு முகவரி, கைப்பேசி எண், அப்புறம் ஒப்படைத்த தேதியும் நேரமும். நேரம் ஏன் என்றால், மாலை ஐந்தரைக்கு வண்டி கொடுத்து ஏழு மணிக்கு விபத்து நடந்தால் அந்த ஒன்றரை மணி நேரம்தான் வழக்கே. "இந்த நேரத்துக்கு மேல் வண்டியால் வரும் அபராதம், விபத்து, வழக்கு அனைத்துக்கும் நானே பொறுப்பு; 30 நாளுக்குள் என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்று வாங்குபவர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ரசீது என்பதால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டி அதன்மேல் நீங்கள் கையெழுத்திடுங்கள். இரண்டு சாட்சி. இரண்டு பிரதி, ஆளுக்கொன்று.

இந்தத் தாள் சட்டப்படி உரிமையை மாற்றிவிடாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது ஆள் இழப்பீடு கேட்டால் பதிவேடுதான் பேசும். ஆனால் காவல் நிலையத்தில் ஓட்டியவர் நீங்கள் இல்லை என்று காட்டவும், கொடுக்க நேர்ந்த பணத்தை வாங்கியவரிடம் கேட்கவும் உங்களிடம் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

வாங்குபவரின் ஆதார், பான் நகல் வாங்கும்போது அசலோடு ஒப்பிடுங்கள். உங்கள் நகலைக் கொடுக்கும்போது குறுக்கே "இந்த நம்பர் வண்டி விற்பனைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். வாங்குபவரும் வண்டியும் ஒன்றாக நிற்கும் ஒரு படத்தைக் கைப்பேசியில் எடுத்து வையுங்கள். நல்லவர் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பணம் வந்ததா என்பதைக் குறுஞ்செய்தியில் பார்க்காதீர்கள். வங்கி செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். காசோலை என்றால் பணம் கணக்கில் ஏறும்வரை வண்டியும் அசல் ஆர்.சி.யும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்

பிரிவு 50 சொல்லும் கெடு இது: விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளுக்குள். வேறு மாநிலத்துக்கு விற்றால் விற்பவருக்கு 45 நாள். விற்பவருக்கென்று தனிக் கடமை இருப்பது பலருக்குத் தெரியாது. "வாங்கினவர் மாத்திக்குவார்" என்று விட்டுவிடுகிறோம்.

விண்ணப்பத்தைப் பரிவாஹன் தளத்தில் போட்டு, கட்டணம் கட்டி, அச்செடுத்துக்கொண்டு வாங்குபவரின் முகவரிக்கு உட்பட்ட வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அடிப்படைக் கட்டணம் பைக்குக்கு 150, காருக்கு 300 ரூபாய். ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம் இதோடு சேரும். ஏஜென்ட் சொல்லும் ஆயிரக்கணக்கான தொகைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஏஜென்டிடம் கொடுப்பது தவறில்லை, ஆனால் விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லையென்றால் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

முடிந்தால் வாங்குபவரோடு ஒரு அரை நாள் ஒதுக்கி நீங்களே போய்விடுங்கள். முடியாவிட்டால் படிவம் 29-ன் ஒரு பிரதியை அந்த அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

2024 பிப்ரவரி இறுதியில் இருந்து தமிழ்நாட்டில் புது ஆர்.சி. அட்டை தபாலில்தான் போகிறது. அதனால் வாங்குபவர் தரும் முகவரி சரியாக இருப்பது அவருக்கே நல்லது. வாடகை வீடு மாறும் ஆள் என்றால் எடுத்துச் சொல்லுங்கள்.

வேறு மாநிலத்துக்கு என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ விற்றுவிட்டு, "என்.ஓ.சி. கொடுத்தாச்சு, இனி என் வண்டி இல்லை" என்று இருந்துவிடாதீர்கள். தடையில்லாச் சான்று என்பது போகலாம் என்ற அனுமதி மட்டும். அந்த மாநிலத்தில் பதிவாகும் வரை வண்டி உங்கள் பெயரில்தான்.

வண்டி இறந்துபோன அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால் நேரே விற்க முடியாது. படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் வைத்து முதலில் ஒரு வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறந்த 30 நாளுக்குள் தெரிவிக்கவும், மூன்று மாதத்துக்குள் மாற்றவும் சட்டம் சொல்கிறது. துக்க வீட்டில் இது யாருக்கும் நினைவில் இருக்காது; உறவில் விவரம் தெரிந்த ஒருவர் முன்வந்து செய்து கொடுத்தால் பெரிய உதவி.

கன்சல்டிங் கடைக்குக் கொடுத்தால்

கடைக்காரர் வாங்கி வைத்து, ஆள் வரும்போது நேரே அந்த ஆளின் பெயருக்கு மாற்றுவதுதான் வழக்கம். நடுவில் உள்ள மாதங்கள் முழுக்க நீங்கள்தான் உரிமையாளர். எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். இந்த ஓட்டையை அடைக்க 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் ஒப்படைக்கும்போது படிவம் 29சி-யில் ஆன்லைனில் தெரிவித்தால், அந்த நேரம் முதல் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியது அல்ல: "அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29சி போடுவீர்களா?" இல்லை என்றால், இரண்டாயிரம் மூவாயிரம் குறைந்தாலும் நேரடியாக ஓட்டப்போகும் ஆளுக்கே விற்பதைத்தான் நான் சொல்வேன்.

இன்சூரன்ஸும் ஃபாஸ்டேகும்

வண்டி மோதி அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு புதியவருக்குப் போய்விடும். 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு அவர் விண்ணப்பிக்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாகப் போகாது. இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள், பாவம், மோதிவிட்டு இழப்பீடு கேட்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

உங்களுக்குரியது நோ க்ளெய்ம் போனஸ். அது வண்டிக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி. விற்ற கையோடு காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கினால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். பல ஆயிரம் ரூபாய் விஷயம், கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

ஃபாஸ்டேகை வண்டி கொடுக்கும் அன்றே மூடுங்கள். கண்ணாடியில் ஸ்டிக்கரைக் கிழித்தால் மட்டும் போதாது, டேக் கொடுத்த வங்கியில் கணக்கை மூட வேண்டும். இல்லையென்றால் அவர் திருச்சி போய் வருவதற்கு உங்கள் கணக்கில் சுங்கம் கழியும்.

பெயர் மாறியதா?

பதினைந்து நாள் கழித்து பரிவாஹனின் கைப்பேசிச் செயலியான எம்பரிவாஹனில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே சில எழுத்துகளாகத் தெரியும். உங்கள் எழுத்துகள் போய் அவருடையது வந்திருந்தால் அதைப் படம் பிடித்து, டெலிவரி நோட்டோடு கோப்பில் வையுங்கள்.

30 நாள் ஆகியும் மாறவில்லை என்றால் முதலில் பேசுங்கள். பெரும்பாலும் சோம்பல்தான் காரணம், ஏமாற்று எண்ணம் இருக்காது. அப்புறமும் நகரவில்லை என்றால், முகவரிக்கு ஒப்புகையோடு ஒரு கடிதம். அதன் நகல், டெலிவரி நோட், முத்திரை வாங்கிய படிவம் 29 மூன்றையும் இணைத்து ஆர்.டி.ஓ.வுக்கு மனு கொடுங்கள். ஆளே காணாமல் போய்விட்டால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள்.

போன வருடம் எங்கள் காரை விற்றபோது இதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். டெலிவரி நோட்டில் சாட்சிக் கையெழுத்து அப்பா போட்டார். வாங்கிய தம்பி அவசரப்பட்டார், அவரை உட்கார வைத்து, நேரம் எழுதும் இடத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து "மாலை 4.40" என்று தன் கையால் எழுதிய பிறகுதான் அப்பா சாவியைக் கொடுத்தார். பெயர் மாற 19 நாள் ஆனது. அதுவரை தினமும் காலையில் செயலியைத் திறந்து பார்த்தது அவர்தான்.